பெயர் அழிந்தால் காசு பயனற்றதா?

பைசாந்திய வெண்கலக் காசுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்குக் காலங்காலமாக ஒரே பாடம்தான் சொல்லப்படுகிறது: அரசர் முகத்தைப் பார், சுற்றியுள்ள பெயரைப் படி, பெயர் தேய்ந்திருந்தால் விட்டுவிடு. இந்தப் பாடத்தை நம்பியே எத்தனையோ நல்ல காசுகளை ‘அடையாளம் தெரியாதவை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். முகத்தை நம்பவே முடியாது. அனஸ்தாசியஸ், முதலாம் ஜஸ்டின், ஆட்சித் தொடக்கத்து ஜஸ்டினியன் ஆகிய மூவருக்கும் வலப்பக்கம் நோக்கிய ஒரே அச்சு முகம்தான்.

காசின் வரலாறு பின்புறத்தில் இருக்கிறது. 498இல் அனஸ்தாசியஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பின், மதிப்பைக் கிரேக்க எண்ணெழுத்தாகப் பெரிதாகப் பொறித்தார்கள். ‘எம்’ என்றால் 40 நும்மி, அதாவது ஒரு ஃபோலிஸ். ‘கே’ என்றால் 20. ‘ஐ’ என்றால் 10. எழுத்தின் கீழே அக்கசாலை இருந்த நகரம்: ‘கான்’ என்றிருந்தால் கான்ஸ்டான்டினோபிள், ‘நிகோ’ என்றிருந்தால் நிகோமீடியா. அந்தியோக்கியா 528இல் நிலநடுக்கத்துக்குப் பின் தியூபோலிஸ் என்று பெயர் மாறியது. ஆகவே புதுப் பெயர் பொறித்த காசு அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. எம்முக்கு அடியில் உள்ள சிற்றெழுத்து, அடித்த பட்டறையையும் காட்டிவிடுகிறது. ஜஸ்டினியனின் 12ஆம் ஆட்சியாண்டில், 538-39இல், இவற்றோடு ஆண்டும் சேர்ந்தது. 40 மில்லிமீட்டரை ஒட்டிய அந்தப் பெரிய ஃபோலிஸைக் கையில் எடுங்கள். எம்முக்கு இடப்பக்கம் ‘அன்னோ’ என்று மேலிருந்து கீழாக ஓடும். வலப்பக்கம் ரோமன் எண்ணில் ஆண்டு நிற்கும். முன்புறம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தாலும் மதிப்பு, ஊர், பட்டறை, ஆண்டு நான்கும் கிடைத்துவிடும். அரசர் பெயரால் மட்டும் இவற்றில் எதையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

538க்கு முந்தைய காசில் ஆண்டு இல்லையே என்பார்கள். தராசு எதற்கு இருக்கிறது? 512இல் ஃபோலிஸின் எடை ஏறத்தாழ இருமடங்கானது. எடை குறைந்த ‘எம்’ காசு அனஸ்தாசியஸின் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய முதல் 14 ஆண்டுகளைச் சேர்ந்தது. கனத்தது 512க்கும் 538க்கும் இடைப்பட்டது. இருபத்தாறு ஆண்டு எல்லைக்குள் ஊரோடு நிறுத்தப்பட்ட காசை அடையாளமற்றது என்று எப்படிச் சொல்வது?

பெயர்தான் எல்லாம் என்பவர்களுக்கு என் கடைசிப் பதில், பெயரே பொறிக்கப்படாத ஃபோலிஸ்கள். பேரரசர் ஜான் சிமிஸ்கெஸ் காலம் தொடங்கி 1092இல் அலெக்சியஸ் கொம்னெனஸ் செய்த சீர்திருத்தம் வரை, நூறாண்டுக்கு மேலாக இவற்றில் அரசர் முகத்துக்குப் பதில் கிறிஸ்துவின் உருவம்தான். இருந்தும் நாணய ஆய்வாளர்களான பெல்லிஞ்சர் 1928இலும் மார்கரெட் தாம்சன் 1954இலும் இவற்றை வகைவகையாகப் பிரித்தார்கள். ஒரு வகைக் காசின் மேல் இன்னொரு வகையை மறுபடி அடித்தபோது அடியில் எஞ்சிய கோடுகளே எது முந்தியது என்று காட்டின. பெயரின்றி ஒரு நூற்றாண்டையே வரிசைப்படுத்த முடிந்திருக்கிறது. தேய்ந்த ஒரு காசைக் கைவிடச் சொல்லும் பாடத்தை இனியும் கற்றுத்தரக் கூடாது. முதல் பாடம் பின்புறத்திலிருந்து தொடங்கட்டும்.