குண்டூரில் கிடைத்தது என்ன?

போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளிலும் சலிக்காமல் சுற்றிவரும் தகவல் ஒன்று உண்டு. ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட ஊர் குண்டூர், ஆண்டு 1868, கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென். மிளகாய்க்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெருமையா என்று வியந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். எனக்கு இந்த ஒற்றை வரியோடு ஒரு சண்டை இருக்கிறது. நடந்ததில் சுவையானதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, வழக்குக்கு உரியதை மட்டும் அது கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1868 ஆகஸ்ட் 18, காலை. முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் ஏடன் பக்கமிருந்து வந்து, இந்தியாவைக் குறுக்கே கடந்து மசூலிப்பட்டினத்தில் வங்கக் கடலில் இறங்கியது. குண்டூரில் பியர் ஜான்சென் தொலைநோக்கியில் நிறமாலைமானியைப் பொருத்திக்கொண்டு காத்திருந்தார். சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் செந்நிறப் பிழம்புகள் துருத்திக்கொண்டு நின்றன. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், வானவில் பட்டைக்குப் பதிலாகத் தனித்தனிப் பிரகாசக் கோடுகள். பிழம்பு என்பது கொதிக்கும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன் என்பது அந்த நொடியே உறுதியாயிற்று.

ஜான்செனைத் திகைக்க வைத்தது வேறு. கோடுகள் அவ்வளவு பளிச்சென்று இருந்தன. கிரகணம் முடிந்த பிறகும் இவற்றைப் பார்க்க முடியுமே என்று அவருக்குப் பொறி தட்டியது. பகல் வானத்தின் கூச்சத்தை நிறமாலைமானி நீளப் பட்டையாக விரித்துவிடும். ஒரு டம்ளர் பாலை அண்டா நீரில் ஊற்றினால் வெளுப்பு குறைவதுபோல அதன் பிரகாசம் மங்கிவிடும். வாயுவின் கோடோ விரியாது, அப்படியே நிற்கும். அன்று மேகம் கூடிவிட்டது. மறுநாள் காலை கருவியைச் சூரிய விளிம்புக்குத் திருப்பினார். கிரகணமே இல்லாத வெயிலில், கோடுகள் தெரிந்தன.

குண்டூரின் உண்மையான பெருமை இதுதான். அதுவரை சில நிமிட இருட்டுக்காகக் கடல் கடந்து அலைந்த வானியலாளர்கள், இனி வீட்டு முற்றத்திலிருந்தே பிழம்புகளை ஆராயலாம். பாரிசுக்கு ஜான்சென் எழுதிய கடிதமும் இதைப் பற்றித்தான். புதிய தனிமம் என்ற பேச்சே அதில் கிடையாது.

கடிதம் கப்பலேறிப் போய்ச் சேர்வதற்குள் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் இதே உத்தியைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பகலில் போர்த்துறை அலுவலகத்தில் குமாஸ்தா, மற்ற நேரத்தில் வானியல். தேதி அக்டோபர் 20. இருவருடைய செய்திகளும் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. யார் முதல் என்று அடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு; ஆனால் 1872இல் பிரெஞ்சு அரசு இருவர் முகத்தையும் பொறித்து ஒரே பதக்கம் வெளியிட்டது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நாகரிகம் அபூர்வம்.

பிழம்பின் கோடுகளில் ஒன்றான மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் துப்பு. கிரகணத்தன்று பார்த்தவர்கள் பலர் அதைச் சோடியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மசூலிப்பட்டினத்தில் நின்ற சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன், அது சோடியத்தின் இடத்தில் சரியாக உட்காருகிறதா என்று ஐயப்பட்டார். பாவம், அவர் அறிக்கை சர்க்கார் அச்சாகச் சென்னையிலேயே தங்கிவிட்டது. கோடு சோடியத்துடையது இல்லை என்று நிறுவி, வேதியியலாளர் ஃபிராங்க்லண்டோடு சேர்ந்து ஹீலியம் என்று பெயர் சூட்டியவர் லாக்யர். 1895இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் கரைத்து, வந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைப் பார்க்கும்வரை 27 ஆண்டுகள் அது சூரியனில் மட்டுமே இருந்த பொருள்.

மகாராஷ்டிரத்தின் விஜயதுர்க் கோட்டைக்குப் போனால் கதை இன்னும் மாறும். லாக்யர் ஹீலியத்தைக் கண்டது இங்கேதான் என்று ஒரு மேடையைக் காட்டுவார்கள். ஆகஸ்ட் 18இல் ஹீலியம் நாளும் கொண்டாடுகிறார்கள். லாக்யர் அங்கே வந்தது உண்மை, ஆனால் 1898 ஜனவரி கிரகணத்துக்கு. கொண்டாட்டம் நல்லதுதான், தேதிதான் முப்பது வருஷம் பிசகுகிறது.

அதே 1868 கிரகணத்தை நிஜாம் சீமையின் வனபர்த்தியிலிருந்து பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வகத்தில் போக்சனின் உதவியாளர். முந்தைய ஆண்டுதான் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதத்துக்காக வாதாடியவரும் இவரே. எந்த வினாடி வினாவிலும் இவர் பெயரைக் கேட்டதில்லை.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அந்த நிழலுக்கு அரசரே பலியானார். 27 ஆண்டுகள் புத்தத் துறவியாக இருந்து அரியணை ஏறிய மோங்குட், கிரகணத்தைத் தாமே கணக்கிட்டு, முழுமை தெரியும் வா கோ என்ற கடற்கரைக்கு விருந்தினரை அழைத்தார். கணக்கு பலித்தது; முழுமை அங்கே ஏறக்குறைய ஆறே முக்கால் நிமிடம் நீடித்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா தொற்றி, அக்டோபர் 1இல் இறந்தார். உடன் சென்ற பதினைந்து வயது மகன் சூலலாங்கார்ன் பிழைத்து மன்னரானார். தாய்லாந்துக்கு இன்றும் தேசிய அறிவியல் நாள் ஆகஸ்ட் 18. ஹாலிவுட் படத்தில் ஆங்கில ஆசிரியையிடம் பாடம் கேட்கும் அரசராக மட்டும் மோங்குட்டைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு அநியாயம்!

ஜான்செனோ அடங்கவில்லை. 1870 டிசம்பரில் ஜெர்மன் படை பாரிசை முற்றுகையிட்டிருக்க, அவர் பலூனில் ஏறி எதிரிகளின் தலைக்கு மேலே தப்பி, கிரகணம் பார்க்க அல்ஜீரியாவின் ஓரானுக்குப் போனார். இளவயதிலிருந்தே கால் ஊனம் வேறு. அங்கே மேகம் சூரியனை மூடிவிட்டது.

மறு வருஷம் நிழல் நம் பக்கம் வந்தது. 1871 டிசம்பர் 12 காலை, அது மேற்குக் கரையிலிருந்து நீலகிரி ஏறி, யாழ்ப்பாணம் வரை போயிற்று. அந்தப் பாதையில் காசர்கோடு பக்கத்துப் பேக்கல் கோட்டையில் லாக்யர், அவிநாசியில் போக்சன், ஊட்டி அருகே சோலூரில் ஜான்சென். ஹீலியம் கதையின் மூவரும் ஒரே காலையில், ஒரே நிழலுக்குள். சோலூரில் வானம் தெளிவாக இருந்தது. சூரியனைச் சுற்றிய வெண்ணிற ஒளிவட்டத்தில் ஜான்சென் இம்முறை மங்கலான கருங்கோடுகளைக் கண்டார். அந்த ஒளியில் ஒரு பங்கு, சூரிய வெளிச்சமே தூசில் பட்டுச் சிதறி வருவது என்பதற்கு அது சான்றாயிற்று.