வெளிவராத மென்பொருளும் அமானிதமே

2017 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனப் பொறியாளர் ஒருவரை அவருடைய மகள் அலுவலகத்திற்குச் சென்று சந்தித்தார். அங்குள்ள உணவகத்தில், தந்தையிடமிருந்த ஐபோன் எக்ஸை வாங்கிப் படம்பிடித்து யூடியூபில் பதிவேற்றினார். அக்கருவி செப்டம்பரிலேயே மேடையில் அறிவிக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 3 அன்று கடைக்கு வரவிருந்தது. ஆயினும் வெளியாருக்குக் காட்டக்கூடாத சில குறிப்புகளும் அப்படத்தில் தென்பட்டன. நிறுவனம் கேட்டதும் மகள் அதை நீக்கினார். அதற்குள் அது பலர் கைகளுக்குச் சென்றுவிட்டது. தந்தை வேலையை இழந்தார்.

அவர் எதையும் விற்கவில்லை. மகளின் ஆசைக்கு இணங்கினார், அவ்வளவே. நம்மை அஞ்சவைப்பதும் அதுதான். 2014 இல் அமெரிக்காவில் சிறை சென்ற முன்னாள் மைக்ரோசாஃப்ட் ஊழியர், வெளிவராத விண்டோஸ் மென்பொருளைப் பணி மதிப்பீட்டின் மீதிருந்த கோபத்தால் கசியவிட்டார். கோபத்தைத் தவறென்று அறிந்துகொள்ளலாம். பாசமோ தவறாகத் தோன்றுவதேயில்லை.

நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். சோதனைப் பதிப்பின் திரைப்படம் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வர ஒரு நொடி போதும். அங்கிருந்து அது எங்கே போகும் என்பதை மாமியும் அறியமாட்டார், மச்சானும் அறியமாட்டார்.

பெருநிறுவனத்தின் இலாபத்தை நாம் ஏன் காக்கவேண்டும் என்று சிலர் கேட்பர். காக்கவேண்டியது இலாபத்தையன்று, கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கை. மேலும், முடிவுறாத மென்பொருளில் அடைக்கப்படாத ஓட்டைகள் இருக்கும். அவை முன்கூட்டியே வெளிப்பட்டால் தீங்கு விளைவிப்போருக்கே வசதி. மோசடியை மறைக்க எந்த ஒப்பந்தமும் கேடயமாகாது என்பது உண்மையே. ஆனால் புதிய பொத்தானின் நிறத்தை ஊருக்குச் சொல்வது மோசடியை அம்பலப்படுத்துவதாகாது!

சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு வந்தவரிடம் தாயார் காரணம் கேட்டார். அது இரகசியம் என்றார் அனஸ். தாயார் உம்மு சுலைம் (ரலி) துருவவில்லை. எவரிடமும் சொல்லவேண்டாம் என்று மகனுக்கே உறுதியூட்டினார். நாம் பெரும்பாலும் அனஸைப் பற்றியே பேசுகிறோம். அந்தத் தாயைப் பற்றியும் பேசவேண்டும். என்ன வேலை, என்ன வரப்போகிறது, எங்களுக்கு மட்டும் காட்டு என்று வற்புறுத்துகிறவர்கள் வீட்டிலிருக்கும் நாம்தாமே? பிள்ளை "வெளிவந்ததும் காட்டுகிறேன், உம்மா" என்றால், அத்தோடு விட்டுவிட்டுச் சோறு பரிமாறலாம்.