சான்றிதழைக் கவரில் போட்டுக் கொடுங்கள்

போன வாரம் ஒரு வாசகி போனில் பேசினார். கோவையில் ஒரு பஞ்சாலையில் வேலை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக லீவு கேட்டு, டாக்டர் சான்றிதழைக் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசர் அதை அப்படியே போட்டோ எடுத்து ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். வேற ஆள் போட வேண்டும் என்று தெரிவிக்கத்தான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த குரூப்பில் இவருடைய கொழுந்தனாரும் இருக்கிறார். "எங்க மாமியாருகிட்டக்கூட முழுசாச் சொல்லலீங்க" என்றவருக்கு அதற்குமேல் பேச வரவில்லை.

நம் ஊரில் உடம்பைப் பற்றி விசாரிப்பது பாசம். கணபதியில், பீளமேட்டில் பத்துப் பேர் இருக்கும் பட்டறை என்றால், முதலாளியே ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போவார். அந்த மனசு எத்தனை ஊரில் இருக்கிறது? ஆனால் அக்கறையாகக் கேட்பதும், கேட்டதை நாலு பேரிடம் சொல்வதும் ஒன்றாகுமா? டி.பி. வந்த பையன் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிடுகிறான். கேன்டீனில் அவன் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது.

நீரா மாத்தூர் வழக்கை நினைத்துக்கொள்கிறேன். எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்த அவரிடம் நிரப்பச் சொன்ன படிவத்தில், மாதவிலக்கு எப்போது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பிரசவ விடுப்பில் இருந்தபோது, தவறான தகவல் தந்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளையும் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இன்னும் தெளிவு. வேலை தர எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக்கக் கூடாது. சம்மதமில்லாமல் யாருடைய நிலையையும் வெளியே சொல்லக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மனநல சிகிச்சை விவரங்களையும் 2017 மனநலச் சட்டம் காக்கிறது.

சர்க்கரைக்கும் கர்ப்பப்பைக்கும் அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை என்பதுதான் என் வருத்தம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ விவரத்தைத் தனியாக எடுத்துக் காக்கவில்லை.

வலிப்பு உள்ளவரை ஃபவுண்டரி உலைக்குப் பக்கத்தில் நிறுத்த முடியுமா என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். இந்த வேலைக்கு இவர் தகுதியா, இல்லையா என்று டாக்டர் எழுதித் தந்தால் போதாதா? நோயின் பேர் எதற்கு?

சான்றிதழை ஒட்டிய கவரில் போட்டு, ஹெச்.ஆர். கையில் மட்டும் கொடுங்கள். பட்டறை வைத்திருப்பவர்களே, அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

அந்த வாசகி வேலைக்குத் திரும்பிவிட்டார். போட்டோ இன்னும் குரூப்பில் அப்படியே இருக்கிறதாம். எடுக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறதாம். கேட்டால், மறந்தவர்களும் போய்ப் பார்ப்பார்களே என்கிறார்.