ஷாம்பெயினுக்கு ஒரு நீதி, காஞ்சிப் பட்டுக்கு ஒரு நீதி

ஒயின் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குவளையை உடனே வாயில் வைக்க மாட்டார்கள். திராட்சை எந்த ஊரில் விளைந்தது, மண் சுண்ணாம்பா களியா, எந்த ஆண்டின் அறுவடை, தோலோடு எத்தனை நாள் நொதித்தது, எந்த உணவோடு பொருந்தும் என்று விசாரித்த பிறகே பருகுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது செல்வந்தர்களின் பகட்டாகத் தோன்றலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையில், எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. ஒரு வட்டார விவசாயியின் விளைச்சலுக்குச் சந்தையில் கூடுதல் விலையைப் பெற்றுத்தருவது அந்த விசாரிப்புதான். உலக வணிகச் சட்டமே அந்த ரசனைக்குத் தனிச் சலுகை வழங்கியிருக்கிறது. அதே சலுகை காஞ்சிபுரம் பட்டுக்கு ஏன் இல்லை?

பெயர் என்னும் முதலீடு

புட்டியைத் திறக்கும்வரை தரம் தெரியாது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். பிரான்ஸ் இந்தச் சிக்கலுக்கு முன்பே ஒரு தீர்வு கண்டிருந்தது. 1935இல் ஊர்ப் பெயர்களைச் சட்டத்தால் காக்கும் முறையை ஏற்படுத்தி, எந்த எல்லைக்குள், எந்த ரகத்தை, எவ்வளவு விளைவித்து, எப்படித் தயாரிக்க வேண்டும் என்று விதிகளை வகுத்தது. ஷாம்பெயின் என்றால் அந்த வட்டாரத்துத் திராட்சையாக இருக்க வேண்டும்; புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வேண்டும்; சாதாரண ரகம்கூடக் குறைந்தது 15 மாதங்கள் காத்திருந்தே விற்பனைக்கு வர வேண்டும். இந்த விதிகளை ரசிகரும் கற்றுவைத்திருக்கிறார் என்பதால் ஏமாற்றுவது கடினம். சட்டமும் ரசனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சட்டத்தின் இரண்டு தட்டுகள்

1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த ‘டிரிப்ஸ்’ உடன்படிக்கை, புவிசார் குறியீடுகளை இரண்டாகப் பிரிக்கிறது. 22ஆவது பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் உரியது. அதன்படி, நுகர்வோர் தவறாக வழிநடத்தப்படுகிறார் அல்லது போட்டி நேர்மையற்றது என்று காட்டினால்தான் பிறர் அப்பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியும். 23ஆவது பிரிவு ஒயினுக்கும் வடிமதுவுக்கும் மட்டுமே உரியது. ‘ஷாம்பெயின் மாதிரி’, ‘ஷாம்பெயின் பாணி’ என்று உண்மையான ஊரையும் சேர்த்து எழுதினால்கூட அதைத் தடுக்கலாம். யாரும் ஏமாந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டுக்குப் பொருளியல் காரணம் எதுவும் இல்லை. உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் ஐரோப்பா கொடுத்த அழுத்தமே காரணம். மற்றப் பொருள்களுக்கும் உயர்நிலைப் பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியா நெடுங்காலமாகக் கோருகிறது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எதிர்க்கின்றன. 2001 தோஹா மாநாட்டில் பேசப்பட்ட அந்தக் கோரிக்கை இன்னும் தீர்வின்றிக் கிடக்கிறது.

காஞ்சியில் நடப்பது

நான் வசிக்கும் திருப்புட்குழி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகில் உள்ளது. ஜடாயு என்னும் புள்ளுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பதால் வந்த பெயர் இது. இப்பகுதியில் ஊர்ப் பெயர் வெறும் முகவரி அல்ல. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியையே எடுத்துக்கொள்வோம். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துப் புளிக்கவைத்த மாவு, மந்தாரை இலை, மூங்கில் கூடை, நீண்ட நேர ஆவி என்று அதற்கும் ஒரு செய்முறை ஒழுங்கு உண்டு. ஒயினைப் போலவே அதுவும் நுண்ணுயிர்கள் ஆக்கித்தரும் சுவை. ஆனால், டம்ளரில் வார்த்தெடுத்த இட்லியும் உணவகங்களில் அதே பெயரில்தான் வருகிறது.

பட்டின் நிலை இன்னும் கவலைக்குரியது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; கூட ஒரு கையும் வேண்டும். விசைத்தறிச் சேலை அதே பெயரில் மலிவாக விற்கும்போது, நட்டம் கைத்தறி நெசவாளரின் கூலியில் விழுகிறது. ஒயின் ரசிகர் கேட்கும் கேள்விகளில் பாதியைச் சேலை வாங்குபவர் கேட்டாலே பல போலிகள் கடையிலேயே அம்பலமாகும்.

பெயர் மட்டும் போதாது

குறியீடு கிடைத்துவிட்டால் விலை தானாக வராது. தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் குறியீடு கிடைத்தது. ஆயினும் எளிதில் அழுகும் பழத்துக்கு, வரத்து பெருகிய நாளில் பெயர் துணை நிற்பதில்லை. மஹாராஷ்டிரம் 2001இல் தனிக்கொள்கை வகுத்து ஒயின் ஆலைகளை ஊக்குவித்தது. 2008 பொருளாதார மந்தத்துக்குப் பின் சரக்கு தேங்கி, பல ஆலைகள் முடங்கின. ஒயின் ரகத் திராட்சை சிறியது, விதை மிகுந்தது. ஆலை வாங்காவிட்டால் பழக்கடையில் விலைபோகாது. பல விவசாயிகள் கொடிகளையே பிடுங்கினார்கள். ஆனால், 2005இலேயே நாசிக்கில் சுவைக்கூடம் திறந்து, வருவோருக்குத் தயாரிப்பு முறையைக் காட்டிய சுலா நிறுவனம் நிலைத்து நின்று, 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆலையை மட்டுமன்றி ரசிகரையும் உருவாக்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

மது விற்பனையில் 2023-24இல் ரூ.45,855 கோடி வருவாய் ஈட்டிய மாநிலம் இது. மதுவால் குடும்பங்கள் சீரழிவதை அன்றாடம் காண்கிறோம். ஒயின் குடிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. அந்த ரசனைக்குக் கிடைத்த சட்டக் காப்பும், அந்த ரசிகரின் கேட்டறியும் பழக்கமும் நெசவாளருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

திறந்திருக்கும் கதவு

டார்ஜிலிங் தேயிலை 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுபெற்றது. அந்த வழி வேளாண் பொருள்களுக்கு மட்டுமே இருந்தது. கைவினை, தொழில் பொருள்களுக்கும் ஒன்றிய அளவில் பாதுகாப்புத் தரும் புதிய விதிமுறை 2025 டிசம்பர் 1 முதல் அங்கு நடைமுறைக்கு வந்துள்ளது. வெளிநாட்டு உற்பத்தியாளர்களும் விண்ணப்பிக்கலாம். கைத்தறித் துறையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் காஞ்சிபுரம் பட்டுக்காக உடனே விண்ணப்பிக்க வேண்டும். உள்நாட்டிலும், குறிப்பிட்ட பொருள்களுக்குக் கூடுதல் பாதுகாப்பை அறிவிக்க 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் காஞ்சிப் பட்டைச் சேர்க்கக் கோருவது தமிழக அரசின் கடமை. சேலைக்கு அருகிலேயே தறியையும் கோர்வையையும் வாங்குபவருக்குக் காட்டும் கூடங்களைச் சங்கங்கள் திறக்கட்டும். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர்தான் நெசவாளருக்கு வலுவான காவல்.

- கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)