பகல் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்

"பட்டப்பகலில் பைக்குக்கு ஹெட்லைட் எதற்கு? பேட்டரிக்குத்தான் கேடு." நெல்லிக்குப்பம் டீக்கடைகளில் இன்றும் எழும் வாதம் இது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அதையும் மீறித் தனி ஸ்விட்ச் வைத்து அணைக்கிறார்கள்.

வாதம் தவறு. அந்த விளக்கு ஓட்டுபவருக்குப் பாதை காட்ட அல்ல, எதிரே வருபவருக்கு அவரைக் காட்ட. இன்ஜின் ஓடும்போது பேட்டரியும் சார்ஜ் ஆகிக்கொண்டேதான் இருக்கிறது.

கரும்பு அரவைக் காலத்தில் கடலூர்–பண்ருட்டி சாலையோரம் நின்று பார்த்தால் புரியும். இருபுறமும் தோகை பிதுங்க, சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர் ஊர்கிறது. முந்துவதற்காக விலகும் பஸ் டிரைவரின் கண்ணுக்கு எதிரே வரும் பைக் வெறும் மெல்லிய கோடு. கறுப்புச் சட்டை, கறுப்பு ஹெல்மெட் என்றால் அந்தக் கோடும் மரநிழலில் கரைந்துவிடும். விளக்குப் புள்ளிதான் முதலில் தெரியும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வு (2004) இதை எண்ணிக்கையிலேயே சொல்கிறது: பகலில் விளக்கெரித்தவர்களுக்குக் காயமடையும் அபாயம் 27 சதவீதம் குறைவு, பளிச்சென்று ஒளிரும் உடை அணிந்தவர்களுக்கு 37, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளைக்கு 24.

ஸ்விட்ச் வைத்தவர்கள் இன்றே மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். அடுத்த ஹெல்மெட்டை வெள்ளையாக வாங்குங்கள்.