பெயரிலேயே பழி

லாரி கவிழ்ந்தால் செய்தியில் எழுதுகிறோம்: 'ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' ஏ.டி.எச்.டி. எனப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயரும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது: கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு. மொழிபெயர்ப்பே பிழைப்பான நானும் இதை யோசிக்காமல் எழுதியவன்தான்.

யோசிக்க வைத்தவர் ஒரு தோழி. வங்கி அதிகாரி. பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதேகாலுக்கே வந்துவிடுவார். பிறர் பேசுவதையெல்லாம் குறிப்பெடுப்பார். ஒவ்வொரு கடிதத்தையும் நான்கு முறை சரிபார்ப்பார். நாற்பது வயதில் மனநல மருத்துவர் அவருக்கு ஏ.டி.எச்.டி. என்றார். நான் நம்பவில்லை. "யாருக்கும் தெரியக் கூடாதென்றுதானே இத்தனை வருடம் பாடுபட்டேன்" என்று சிரித்தார்.

சீக்கிரம் வருவது, நேரம் கைநழுவிவிடும் என்ற பயத்தில். குறிப்பெடுப்பது, பாதிப் பேச்சில் மனம் எங்கோ போய்விடும் என்பதால். வீடு திரும்பியதும் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிடுவாராம்.

ஏன் மறைக்க வேண்டும்? பள்ளியில் 'சோம்பேறி', வீட்டில் 'பொறுப்பில்லாதவள்' என்று கேட்டு வளர்ந்தவர்கள், மருத்துவப் பெயர் தெரிவதற்கு முன்பே நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பில் ஓடியாடும் பையன் கண்ணில் படுகிறான். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் படுவதில்லை. துறுதுறுப்பு இல்லாமலும் இது இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே 1980இல்தான் ஏற்றது.

நடிப்பு கச்சிதமாக இருந்தால் அதற்கும் தண்டனை உண்டு. உதவி கேட்கும்போது, "உங்களுக்கா?" என்கிறார்கள். வெளியே சொல்வதற்குச் சட்டமும் பெரிய தெம்பு தரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை.

உண்மையில் தோழியிடம் கவனம் குறைவாக இல்லை. பிடித்த வேலையென்றால் இரவு இரண்டு மணிவரை மூழ்கிவிடுவார். கவனம் இருக்கிறது, கூப்பிட்ட இடத்துக்கு வருவதில்லை. அதற்கு ஒரு நல்ல சொல்லைத் தேடித் தரட்டுமா என்று கேட்டேன்.

"சொல் கிடக்கட்டும். கூட்டத்தில் சொல்கிற வேலையை எழுதியும் கொடுத்தால் போதும்" என்றார்.

இந்தச் சின்ன விஷயத்தைக்கூட மேலதிகாரியிடம் அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தின் பெயரோ, கவனக்குறைவு.