ஓர் ஆல்பத்தை முழுதாய்க் கேட்போமா?

ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, எதையும் தாண்டாமல், நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? ஒன்றரை ஆண்டுக்கு முன் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் டிக்டாக்கில் வந்து போகும் பதினைந்து விநாடிப் பல்லவிதான். அந்தப் பாட்டின் சரணம் எப்படி இருக்கும், பாடியவர் யார், இசை யாருடையது என்பதெல்லாம் எனக்குத் தேவைப்படாத விவரங்கள்.

இப்போது வாரத்துக்கு ஓர் ஆல்பம் கேட்கிறேன். தனியாக அல்ல, பதினான்கு பேராக. சுங்கை சிப்புட்டில் என்னோடு படித்தவர்கள் சிலர், பல்கலைக்கழக விடுதித் தோழிகள் சிலர், அவர்களின் நண்பர்கள் சிலர் என்று புலனத்தில் தொடங்கிய குழு அது. விதிகள் எளியவை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முறை வைத்து ஒருவர் ஓர் ஆல்பத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஒரு வாரத்துக்குள் அதை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். அடுத்த வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் கூடிப் பேச வேண்டும். அதற்கு முன் ஆளுக்கு ஐந்து வாக்கியமாவது தமிழில் எழுத வேண்டும். “சூப்பர்”, “நல்லா இருக்குலா” என்று மட்டும் எழுதினால் கணக்கில் சேராது.

இந்தக் கடைசி விதிதான் எங்களை அதிகம் வதைத்தது. எங்களில் பெரும்பாலோர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. நான் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுத்தவள்தான். ஆனாலும் ஒரு பாட்டு எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்ல வந்தால் மலாயும் ஆங்கிலமும்தான் முந்திக்கொண்டு வந்தன.

எங்கள் ஓட்டாண்டித்தனத்தை ஒரேயடியாகக் காட்டியது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வெளிவந்த கருவியிசை ஆல்பம் அது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக அவர் அதைச் செய்தார். அதுவரை எங்கள் கலந்துரையாடல் பாடல் வரிகளைச் சுற்றியே ஓடியது. “இந்த வரி என் வாழ்க்கை” என்று எழுதித் தப்பித்துக்கொண்டோம். இந்த ஆல்பத்தில் பிடித்துக்கொள்ள வரியே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை முதல் கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பொறியியல் படிக்கும் தோழி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “வயலின் ஒண்ணு முன்னால போகுது. இன்னொண்ணு அதைத் துரத்திக்கிட்டே போகுது. ஆனா பிடிக்க மாட்டேங்குது.” அவ்வளவுதான், அனைவரும் மறுபடி கேட்டோம். அவள் சொன்ன பிறகு எங்களுக்கும் அந்தத் துரத்தல் கேட்டது. ஒருவர் காதில் விழுந்தது பதினான்கு பேர் காதிலும் விழுவதற்குத்தான் கூடிக் கேட்பது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

கூடிக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த அவசரகாலத்தில்தான் அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கத்துக்கு வேண்டியது பிரச்சாரம். மக்களுக்கு வேண்டியது பாட்டு. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது மாலையானால் லயத்துச் சனம் மொத்தமும் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுமாம். “ஒரு பாட்டு வந்தா போதும், மறுநாள் பால் வெட்டு முடியிற வரைக்கும் அதைப் பத்தியே பேச்சு” என்பார். ஒரு பாட்டைக் கேட்க மூன்று நிமிடம், பேச ஒரு பகல்! இன்று நாம் அதை எதிர்மாறாகச் செய்கிறோம். காதில் நாள் முழுதும் பாட்டு ஓடுகிறது. பேச ஒரு நிமிடம் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இப்போது பாட்டுகள் துண்டாடப்படுகின்றன. யோகி பி - நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006-இல் இங்கே உருவான தமிழ் ஹிப் ஹாப் ஆல்பம். ‘நிழல்கள்’ படப்பாடலை எடுத்து அவர்கள் செய்த ‘மடை திறந்து’ தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது. பின்னர் ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ ஆகிய படங்களிலும் யோகி பி-யின் குரல் ஒலித்தது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத மலேசிய இளைஞர் இல்லை. ஆனால், எங்கள் குழுவில் இந்த ஆல்பத்தின் முறை வந்தபோது, ‘மடை திறந்து’ தவிர அதிலுள்ள வேறு ஒரு பாட்டின் பெயரைச் சொல்ல முடிந்தவர்கள் மூன்றே பேர். நம் நாட்டின் மிகப் புகழ்பெற்ற தமிழ் ஆல்பத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத உள்ளூர்க் கலைஞரின் ஆல்பம் என்னவாகும்?

அது என்னவாகும் என்பதை நானே கண்டேன். காரணமும் நானே.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் வீட்டு அலமாரியைத் துடைத்தபோது ஓர் உள்ளூர்ப் பாடகரின் குறுவட்டு கிடைத்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு முன் மாமா வாங்கியது. இணையத்தில் தேடினேன், எங்குமே இல்லை. புதையல் கிடைத்ததுபோல் இருந்தது. அடுத்த வெள்ளி என் முறை. குறுவட்டிலிருந்த பாட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, இணைப்பைக் குழுவில் போட்டேன். “அழிந்துபோன மலேசியத் தமிழ் இசையைக் காப்போம்” என்று ஒரு முழக்கம் வேறு. நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த இணைப்பை வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் அந்தப் பாடகர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தங்கச்சி, என் பாட்டைக் கேட்டதுக்கு ரொம்ப நன்றி. அது அழிஞ்சு போகலம்மா. ஆயிரம் அடிச்சேன், பாதி இன்னும் என் வீட்டுல பெட்டி பெட்டியா இருக்கு” என்று எழுதியிருந்தார். அந்த ஆல்பத்துக்காக வாங்கிய கடனை அடைக்க ஆறு ஆண்டுகள் லாரி ஓட்டியதாகப் பிறகு பேசும்போது சொன்னார். நான் இணையத்தில் தேடினேனே தவிர, ஆளைத் தேடவில்லை. குறுவட்டின் உறையில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. எண்ணும் மாறவில்லை.

இணைப்பை உடனே நீக்கினேன். ஆனால் போனது போனதுதான். எத்தனை கைப்பேசிகளில் அது இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் செய்தது சரிதான் என்று இன்றும் வாதாடும் நண்பர்கள் உண்டு. அவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. “கடையில் இல்லாத ஆல்பத்தை யாராவது பிரதி எடுக்காவிட்டால் அது செத்துப்போகும்” என்கிறார்கள். உண்மைதான். ஒலிநாடாக்கள் பூசணம் பிடிக்கின்றன, குறுவட்டுகள் கீறல் விழுகின்றன. ஆனால் பாதுகாப்பதற்காகப் பிரதி எடுப்பது வேறு, ஊருக்கெல்லாம் வாரி இறைப்பது வேறு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்கு ஐம்பது ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. அதாவது, 2006-இல் வெளியான ஆல்பத்துக்கு 2056 வரை உரிமையாளர் இருக்கிறார். பாதுகாக்கும் வேலைக்கும் நம்மிடம் வழி இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டு வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். புத்தகம் மட்டுமல்ல, ஒலிப்பதிவும் அதில் அடக்கம். சொந்தச் செலவில் ஆல்பம் போட்ட நம் கலைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்லி, படிவம் நிரப்ப உதவினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

“மாணவரிடம் ஏது காசு?” என்பது அடுத்த கேள்வி. நானும் கல்விக் கடனில் படிப்பவள்தான். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப்பிலும் கலைஞரே ஏற்றி வைத்திருந்தால் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கலாம். அதில் கலைஞருக்குக் கிடைப்பது சொற்பம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்காவது அவர் பெயரில் சேரும். என்னுடைய இணைப்பில் அதுகூட இல்லை. கேட்டவர்கள் இருந்தும், கேட்கப்படாதவராகவே அவர் இருந்தார்.

அவரை எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்தோம். தயங்கித் தயங்கித்தான் வந்தார். பாராட்டை எதிர்பார்த்திருப்பார் போலும். நாங்கள் கேள்வி கேட்டோம். நான்காவது பாட்டில் உறுமி நடுவில் சட்டென்று நின்று, வெறும் குரல் மட்டும் போவது ஏன் என்று ஒருவன் கேட்டான். சற்று நேரம் பதிலே இல்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று பயந்தேன். “பதினஞ்சு வருஷத்துல இந்தப் பாட்டைப் பத்தி ஒருத்தர் கேள்வி கேக்குறது இதுதான் முதல் தடவை” என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அன்றிரவு எங்களில் ஒன்பது பேர் குறுவட்டு வாங்கினோம். ஒன்று பதினைந்து வெள்ளி. இரண்டு பேருக்கு அதைப் போட்டுக் கேட்கக் கருவியே இல்லை, ஆனாலும் வாங்கினார்கள்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு ஆல்பத்தில் நாம் பகிர வேண்டியது அதன் நகலை அல்ல, அதைக் கேட்ட நம் அனுபவத்தை. நகல் போய்ச் சேர்ந்த இடத்தில் கலைஞருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாம் எழுதும் ஐந்து வாக்கியங்களும் கேட்கும் ஒரு கேள்வியும் அவரை அடுத்த ஆல்பத்தை நினைக்க வைக்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் வெறுமனே வருந்திக்கொண்டிருக்கவில்லை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். நாம் தோட்டம் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கும் இந்திய மாணவர் அமைப்புகள் ஒரு கேட்போர் குழுவைத் தொடங்கலாம். ஆளுக்கு மாதம் இரண்டு வெள்ளி போட்டாலே மாதத்துக்கு ஓர் உள்ளூர் ஆல்பத்தை வாங்கிவிடலாம். அதைச் சேர்ந்து கேட்டு, தமிழில் எழுதி, அந்தக் கலைஞருக்கே அனுப்பி வைக்கலாம். பொங்கல் விழாவுக்குத் திரைப்பாடல் நடனம் பழகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழேயும் நிச்சயம் ஏதாவது ஒன்று கிடக்கும். எடுங்கள். உறையில் தொலைபேசி எண் இருந்தால் முதலில் அழையுங்கள். பிறகு கேளுங்கள், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி என் முறை. இம்முறை ஆல்பத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பே கலைஞரிடம் பேசிவிட்டேன். பாட்டியும் எங்களோடு உட்கார்ந்து கேட்கப்போகிறார். ஐந்து வாக்கியம் எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். “எழுத என்னால ஆகாது, பேசுறேன். நீ எழுதிக்கோ” என்று சொல்லியிருக்கிறார்.